ஆணியில் தொங்கிய ஜோடி

தெற்கே போகவேண்டிய பெட்டியில் பதினொரு ஜோடி காலணி அடுக்கியாகிவிட்டது. பன்னிரண்டாவதை எடுக்க மியாலி வாசல் பக்கத்துக் குளிர் அறைக்குப் போனாள். வீட்டுச் சூட்டில் வைத்தால் தோலிலிருந்து மயிர் கொட்டிவிடும் என்பதால் கடைச் சரக்கு முழுக்க அங்கேதான் கிடக்கும். குவியலுக்கு அடியில் கிடந்த கடல்நாய்த் தோல் காலணியை இழுத்து, பழக்கதோஷத்தில் தையலின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். நூல் தட்டுப்படவில்லை. மறுபடி ஓட்டினாள். வழவழவென்று இருந்தது.

அது தம்பி சைலாவின் ஜோடி. அப்படியானால் விடிகாலையில் பனிக்கடலுக்கு அவன் எதை மாட்டிக்கொண்டு போனான்?

அவர்கள் வீட்டில் இரண்டு விதமாகத் தைப்பார்கள். பனிக்கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கலைமான் முதுகு நரம்புதான் நூல். ஊசி தோலின் பாதித் தடிமன்வரைதான் இறங்கலாம், மறுபக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. ஈரம் பட்டால் நரம்பு ஊதி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒரு ஜோடி முடிக்க நாலு நாள் இடுப்பு ஒடியும். இன்னொன்று தெற்கே நகரங்களில் இருக்கிறவர்களுக்கு. நைலான் நூல், மெஷின் தையல், அரை நாள் வேலை. காரிலிருந்து அலுவலகம்வரை நடக்க அது தாராளமாகப் போதும். சொல்லித்தான் விற்கிறார்கள், ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தையலில் ஆயிரம் ஓட்டை.

நேற்றுச் சாயங்காலம் கடைசி ஜோடியை முடித்தபோது மாட்ட இடமில்லை. சைலா தன் காலணியை மாட்டும் ஆணியில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு, ஒரு நிமிஷத்துக்குத்தானே என்று புதியதை அங்கே மாட்டினாள். பாழாய்ப்போன ஒரு நிமிஷம்! அதே தோல், அதே அளவு, அதே கரை வேலைப்பாடு. அக்கா தைத்து மாட்டியதை எவனாவது திருப்பிப் பார்ப்பானா?

உள்ளே சைலாவின் மனைவி ஊலாயு, ஆறு மாத வயிற்றைச் சரித்து உட்கார்ந்து, தோலின் கொழுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல, நீ வேலையப் பாரு" என்று மியாலி ரேடியோவிடம் போனாள். ஊரில் ஒவ்வொரு அடுக்களையிலும், பனிக்கடலுக்குப் போகிறவர்கள் கையிலும் பேசவும் கேட்கவும் ஒரு ரேடியோ. இங்கே தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். மியாலி தைத்ததில் தண்ணீர் இறங்கிற்று என்று ஊர் கேட்டால் அப்புறம் யார் வாங்குவார்கள்? அந்த நேரத்திலும் மனம் அதையும் நினைத்தது, வெட்கங்கெட்ட மனம்.

"அப்பா... கேக்குதாப்பா?"

தன்னைவிடப் பதினாறு வயது இளைய தம்பியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்பா பனிக்கடலில் கால் நனைந்து, உறைந்து செத்த மூன்றாம் மாதம் பிறந்தவன் அவன். அப்பா பெயரைத்தான் அவனுக்கு வைத்தார்கள். அந்த ஊர் வழக்கத்தில் செத்தவர் பெயர் யாருக்குப் போகிறதோ உறவும் அவருக்கே போய்ச்சேரும். தொட்டிலில் கிடந்தபோதே அவன் அவளுக்கு அப்பாதான்.

"சொல்லு மகளே. பெட்டி கட்டியாச்சா?"

"கால் எப்படிப்பா இருக்கு?"

கூடப் போயிருந்த பவ்லூசி குறுக்கே புகுந்தான். "பாருங்கய்யா அநியாயத்த! என் காலப் பத்திக் கேக்க ஒரு நாதியில்ல." எங்கோ ஒரு வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

"பனிக்கு அடியில ஒரே பனிச்சேறும் தண்ணியும்" என்றான் சைலா. "கணுக்கால்வரைக்கும் எறங்கிட்டேன். கொஞ்ச நேரம் சில்லுன்னு இருந்துச்சு. இப்ப இடது கால்ல குளிரே தெரியல. நல்லாத் தைச்சிருக்க மகளே."

சிரித்த வீடு அடங்கிப்போனது. குளிரே தெரியாத கால் உறைய ஆரம்பித்த கால் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்கும் தெரியும். அக்கா தையல்மேல் வைத்த நம்பிக்கைதான் அவன் கண்ணை மறைத்திருந்தது.

ஊலாயு சுரண்டும் சத்தம் நின்றிருந்தது. அவள் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மியாலியின் பார்வை அவள் வயிற்றில் போய் விழுந்தது. இதற்கும் அதே பெயர்தானா? நினைத்த மாத்திரத்தில் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"அப்பா, அது உன் ஜோடி இல்ல" என்றாள் உரக்க. ஊர் கேட்டால் கேட்கட்டும். "தெக்க போற ஜோடி. மெஷின் தையல். நான்தான் உன் ஆணியில மாட்டித் தொலைச்சேன். பவ்லூசி! அவன உக்கார வச்சுக் கழட்டு. தேய்க்காத. உன் சட்டையத் தூக்கி வெறும் வயித்துல வை அந்தக் கால."

"கழட்டுறேன்." பவ்லூசியின் குரலில் கேலி இல்லை.

சுவர்க் கடிகாரம் ஓடியது.

"வரமாட்டேங்குதுக்கா. உள்ள உறைஞ்சு ஒட்டிக்கிச்சு."

"வெட்டு."

"உங்க தையலயா?"

"வெட்டுடா!"

அதற்குப்பின் ரேடியோவில் கரகரவென்ற இரைச்சல்தான். மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். வெளியே ஒரு பனிவண்டி உறுமியது, பிறகு இன்னொன்று. யாரையும் யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் தட்டி, "வண்டி சூடாகட்டும். காய்ஞ்ச காலணிய எடுத்துக்கிட்டு வா" என்றார்.

குளிர் அறையில் கிடந்த ஜோடி கல்லாக விறைத்திருந்தது. இப்படியே கொண்டுபோனால் எதற்கு ஆகும்? மியாலி சட்டையைத் தூக்கி ஒன்றை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். சில்லிப்பு முதுகுவரை ஏறியது. மற்றொன்றுக்குக் கை நீட்டினாள். அதற்குள் ஊலாயு அதை எடுத்துவிட்டாள், இடது காலுக்கானதை. தன் சட்டைக்குள் திணித்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

உள்ளிருந்து பிள்ளை உதைத்திருக்க வேண்டும். சட்டைக்கு மேலே பிதுங்கியிருந்த காலணியின் மூக்கு மெல்ல ஒருமுறை அசைந்தது.