ஆறு பிரஸ் பட்டன்கள்

தம்பி சைக்கிள் ஃபிரேம் செய்கிறவன், அக்கா தையல்காரி. கீழே அவன் பட்டறை, மேலே அவள் கடை. போன வருடம் முந்நூறு கிலோமீட்டர் பந்தயத்தில், கடைசிச் சோதனைச் சாவடிக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தாளென்று அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் விடுவதில்லை என்றிருந்தாள், ஐம்பத்திரண்டு வயதில்.

அவளுக்கென்றே தம்பி இரண்டு மாதம் மெனக்கெட்டு ஒரு ஃபிரேம் செய்தான். அதில் கியர் கேபிள் கண்ணிலேயே படாது. கைப்பிடிக்குப் பக்கத்துத் துளையில் நுழைந்து, குழாய்க்குள்ளேயே ஓடி, பின்சக்கரத்தருகே எட்டிப் பார்க்கும். அந்தத் துளையின் விளிம்பை உப்புத்தாளால் இழைத்தே அவன் விரல் ரேகை பாதி போய்விட்டது.

அக்காவிடம் கொடுத்த மறுநாள் பார்த்தால் கேபிள் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கித்தானில் தைத்த ஆறு பட்டைகள், பட்டைக்கொரு பிரஸ் பட்டனோடு அதைக் குழாயில் பிடித்திருந்தன. எடுத்துக் கொடுத்த புதுச் சட்டையை ஒருத்தி உட்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"தையலை உள்ள மறைக்க எனக்குத் தெரியாதாடா? பிரிக்க வேண்டி வரும்னு தெரிஞ்ச இடத்துல நான் மறைக்கமாட்டேன்," என்றாள் அக்கா. அதற்கப்புறம் மூன்று நாள் அவன் மாடிப்படி ஏறவில்லை.

பந்தயத்தன்று மலையடிவாரத்தில் போய் நின்றான். மேலே மூன்று கிலோமீட்டரில் கடைசிச் சாவடி. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். வெளியாள் சைக்கிளைத் தொட்டால் ஓட்டுகிறவருக்கு ஆட்டம் முடிந்தது. ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளலாம்.

அங்கே முதலில் வந்து நின்றவர் ஒரு பல் டாக்டர், தம்பியின் பெரிய வாடிக்கையாளர். அவன் செய்த அவருடைய ஃபிரேமிலும் கேபிள் குழாய்க்குள்தான் ஓடியது; உள்ளே கியர் கம்பி அறுந்திருந்தது. கையில் மாற்றுக் கம்பி இருந்தும், ஒரு துளையில் விட்டது மறுதுளையில் தலைகாட்ட மறுத்தது. சைக்கிளைக் கவிழ்த்தார், உலுக்கினார், கடைசியில் தம்பியைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவருக்கும் அக்காவுக்கும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த கம்பியைத்தான் மாட்டியிருந்தோம் என்று நினைத்ததும் அவன் அக்கா வர வேண்டிய பாதையைத் திரும்பிப் பார்த்தான்.

நாலு இருபதுக்கு அக்கா வந்தாள். ஏற்றத்துக்காகக் கியர் மாற்றினாள், 'டக்'கென்று அவள் கம்பியும் போனது.

அவள் முகத்தில் ஈ ஆடவில்லை என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். இறங்கினாள். சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியால், கியர் மாற்றும் பிடிக்குள் சிக்கிய அறுந்த துண்டை நெம்பி எடுத்தாள். புதுக் கம்பியை, வெளியே பட்டைகள் பிடித்திருந்த கேபிள் உறைக்குள் விட்டு, பின்னால் இழுத்து முறுக்கினாள். ஏழு நிமிடம்தான் ஆனது. தம்பி மூச்சு விட்டான்.

ஏறி உட்கார வேண்டியவள் டாக்டரிடம் போனாள். பையிலிருந்து மாற்று உறையை எடுத்தாள்; தாராளமாக வெட்டிவைப்பது அவள் தொழில் பழக்கம். தன் சைக்கிளிலிருந்து மூன்று பட்டைகளைப் பட்டன் தட்டிக் கழற்றி, தம்பி பார்த்துப் பார்த்து இழைத்த துளைக்கு மேலாகவே அவருடைய கேபிளை வெளியே ஓட்டிக் கட்டினாள். மணி நாலு நாற்பத்திரண்டு. போ அக்கா, போ என்று அவன் உள்ளுக்குள் கெஞ்சினான். இப்படி ஒருத்தி கூடப் பிறந்திருக்கிறாளே என்று கண் கலங்கியதும் அப்போதுதான்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது இருவரும் சாவடியைத் தாண்டினார்கள்.

மறுநாள் பட்டறையில் புது ஃபிரேம் ஒன்றில் துளைக்கக் குறித்திருந்த பென்சில் புள்ளியைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, தம்பி மாடிப்படி ஏறினான். உன் ஃபிரேமில் அந்தத் துளைகளை அடைத்துத் தரட்டுமா என்று கேட்டான்.

"இருக்கட்டும்டா, மழைத்தண்ணி வடியட்டும்," என்றாள் அக்கா.

அவன் அசையவில்லை. "பட்டை ஒரு அம்பது தைச்சுத் தர்றியா?"

அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"குழாயை அளந்துட்டு வா."