பெரியண்ணன் தூக்கிய கை

கண்டத்து நாடுகள் எல்லாம் கூடும் சபையில் ஓட்டு என்றால் கையைத் தூக்குவதுதான். சின்ன நாட்டுத் தூதர்கள் தீர்மானத்தைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய நாட்டுத் தூதரின் கையைப் பார்ப்பார்கள். அது எழுந்தால் இவர்கள் கையும் எழும். அவருக்குப் பெயரே பெரியண்ணன். எதிர் வரிசையில் இன்னொரு பெரிய நாட்டுக்காரர். தொட்டதற்கெல்லாம் முறுக்கிக்கொள்வதால் அவருக்குப் பெயர் சம்பந்தி.

தீவு நாட்டுத் தூதரம்மா தன் முறைக்குக் காத்திருந்தார். பெரிய கப்பல்கள் சின்ன நாடுகளின் கரையோரம் மீன் பிடிக்கக் கூடாது என்று இன்று தீர்மானம் கொண்டுவந்திருப்பவர் அவர்தான். கப்பல்கள் அத்தனையும் அந்த இரண்டு பெரிய நாடுகளுடையவை. காலையில்தான் படகு வைத்திருக்கும் கொழுந்தன் போனில் பேசினான்.

"அண்ணி, வலைல வெறும் பாசிதான் வருது. இதுவும் போச்சுன்னா படகை வித்துட வேண்டியதுதான்."

தூதரம்மா பேசி முடித்தார். பெரியண்ணன் மொழிபெயர்ப்புக் காதுக்கருவியை எப்போதோ கழற்றி வைத்துவிட்டார். அவர் வழுக்கைத் தலைக்கு நேர் மேலே ஏசி குளிர்காற்றைக் கொட்டிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் பின்பக்கம் திரும்பி, வாசலில் நின்ற ஊழியரைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். ஊழியரோ போனில் மூழ்கியிருந்தார். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் சபைத் தலைவர்.

சின்ன நாடுகளின் கைகள் மளமளவென்று எழுந்தன. சம்பந்தி திடுக்கிட்டார். "இந்த ஆள் மட்டும் நல்ல பேரு வாங்கிட்டுப் போறதா?" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் கையையும் தூக்கினார். தூதரம்மா வாயைப் பிளந்து பார்த்ததில் தன் கையைத் தூக்கவே மறந்துபோனார்.

தீர்மானம் நிறைவேறியது. முன்னால் திரும்பிய பெரியண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் ஏசியைக் குறைக்கச் சொல்லத்தான் கையத் தூக்கினேன்."

"சரிங்க, உங்க ஓட்டைக் கழிச்சிடறேன். அப்பவும் நிறைவேறுது" என்றார் சபைத் தலைவர்.

"மத்தவங்க எல்லாம்..." என்று இழுத்தார் பெரியண்ணன்.

"மத்தவங்க எல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டார் தூதரம்மா.

எங்கள் பேச்சைக் கேட்டு யாரும் ஆடுவதில்லை, எல்லோரும் சுயமாக முடிவெடுப்பவர்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் பெரியண்ணன் அன்று காலைதான் அடித்துச் சொல்லியிருந்தார்.

"மத்தவங்க அவங்கவங்க இஷ்டப்படிதான் தூக்கினாங்க."

அப்போதுதான் ஊழியர் ஓடி வந்தார். "ஏசியைக் குறைக்கணுங்களா?"

"வேணாம்பா. வேர்க்குது."

தூதரம்மா வெளியே வந்து போனை எடுத்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"தம்பி, படகை விக்காதே."

"எப்படி அண்ணி ஒத்துக்கிட்டாங்க?"

"ஒருத்தருக்குக் குளிருச்சுப்பா."