சவேத்தா அக்கா எழுந்து போன ஞாயிறு

எங்கள் சபையில் அக்டோபர் முதல் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அன்றைக்குப் பிரசங்க மேடைக்கு முன்னால் இருக்கும் மேசை தெரியாது. பூசணி, திராட்சைக் குலை, மக்காச்சோளக் கதிர், தேன், ஊறுகாய் ஜாடி என்று குவிந்து கிடக்கும். நடுவில் ஒரு ரொட்டி. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினால்தான் வரும், அவ்வளவு பெரியது. பதினேழு வருடமாக அதைச் சுட்டுக்கொண்டு வந்தவர் சவேத்தா அக்கா.

அக்கா பாதியில் எழுந்து போன பண்டிகையன்று அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முழங்கால் தேய்ந்து, படி ஏறும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வார். பெண்களுக்கான வேதபாட வகுப்பை நடத்துவதும் அவர்தான். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வசனம், அதிகாரம் எல்லாம் பிசகாமல் சொல்வார். நாக்கும் அதே அளவுக்குக் கூர்மை. நான் சபையின் பேண்டு வாத்தியத்தில் டூபா ஊதுகிறவன். "தியோபில், எரிகோ மதில் விழ ஏழு நாள் ஊத வேண்டியிருந்துச்சாம். உன்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா முதல் நாளே ஜனமெல்லாம் சாவியைக் கையில குடுத்திருக்கும்" என்பார்.

அவருக்கு ஒரே தங்கை, பெர்சிதா. எங்கள் ஊர் கிரிஷ் ஆற்றுக்கு அக்கரையில் வீடு. அந்தப் பண்டிகைக்கு ஒன்பது வருடம் முன்னால், கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் அவருடைய மாட்டுக் கொட்டகை தீப்பிடித்தது. இரண்டு பசுவும் ஒரு குதிரையும் செத்தன. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த வைக்கோல் அத்தனையும் போனது. அந்தக் கோடையில் பெர்சிதா பாலாடைக்கட்டி விற்கச் சந்தைக்குப் போனதில் நாலைந்து ஞாயிறு கூட்டத்துக்கு வரவில்லை.

தீ விபத்துக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். நாற்பது பேர் இருப்போம். யாரோ பெர்சிதாவைப் பற்றி "பாவம்" என்றார்கள். அதற்குச் சவேத்தா அக்கா சொன்னார்: "கர்த்தர் காரணம் இல்லாம கை ஓங்க மாட்டார். ஞாயித்துக்கிழமையை வித்தா இப்படித்தான்."

பெர்சிதா பின்னால்தான் நின்றிருந்தார். பசுவை அவிழ்க்கப் போய் வெந்த கையில் கட்டு. வாசலைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவர் அந்த வாசலை மிதிக்கவில்லை. இது ஊருக்கே தெரியும். தெரிந்ததால் யாரும் பேசுவதில்லை.

பாஸ்டர் கொர்னெல் எங்களிடம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருக்கு மட்டும் தெரியாது. அதனால்தான் அந்தப் பண்டிகையன்று, காணிக்கைகளுக்காக ஜெபிப்பதற்கு முன்னால், மலைப் பிரசங்கத்தில் அந்தப் பகுதியைத் திறந்து வாசித்தார். காணிக்கையோடு வந்து நிற்கும்போது உன்மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு சரிசெய்துகொண்டு வா என்ற பகுதி. வாசித்து முடித்து, ஜெபிக்கக் கண்ணை மூடினார்.

முன் வரிசையில் பெஞ்சு கிரீச்சிட்டது. சவேத்தா அக்கா எழுந்து நின்றார்.

"பாஸ்டர், ரொட்டியை வெட்டாதீங்க. போயிட்டு வந்துடறேன்."

"எங்க சிஸ்டர், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. நீங்க படிச்சீங்கல்ல, அதுக்குத்தான் போறேன்." பிறகு பேண்டுப் பக்கம் திரும்பினார். "தியோபில், காரை எடு. என் முழங்கால் பாலம் வரைக்கும் வராது."

நான் டூபாவை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினேன். ரொட்டியிலிருந்து இன்னும் லேசாக ஆவி பறந்துகொண்டிருந்தது.

கார் பாலத்தின்மேல் ஏறும்போது, "அந்த வசனத்தை இத்தனை வருஷமாத் தப்பாப் படிச்சிருக்கேன்டா" என்றார். "ஒவ்வொரு பண்டிகைக்கும் எனக்கு யார் மேலயாவது கோபம் இருக்கான்னு பாப்பேன். யார் மேலயும் இல்லை. நிம்மதியா ரொட்டியைக் கொண்டுபோய் வைப்பேன். அங்க கேட்டிருக்கிறது அது இல்லை. உன் மேல யாருக்கு மனசு நொந்திருக்குன்னு கேட்டிருக்கு."

பெர்சிதா வீட்டு முற்றத்தில் விறகடுப்பின்மேல் செம்பு அண்டா. பிளம் ஜாம் கிண்டிக்கொண்டிருந்தார். விடிகாலையில் ஏற்றினால் பொழுது சாயும்வரை துடுப்பு நிற்கக் கூடாது, நின்றால் அடிப்பிடித்துவிடும். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஜாம் கிண்டறேன், நல்லாப் பாத்துக்க. புதுக் கொட்டகை பின்னால இருக்கு. அது எப்ப எரியும்னு சொல்லிட்டுப் போ."

அக்கா அண்டாவுக்குப் பக்கத்தில் வந்தார். "நான் சொன்னது பொய், பெர்சிதா. கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் பேரால சொன்னேன்."

"ஒன்பது வருஷம் ஆச்சா அதைக் கண்டுபிடிக்க?"

"இல்லை. அன்னிக்கே தெரியும். நீ திரும்பிப் போனப்போ உன் கைக்கட்டைப் பாத்தேன். அதுக்கப்புறம் யோபு புஸ்தகத்தை வகுப்புல மூணு தடவை நடத்தியிருக்கேன். புண்ணோட உக்காந்திருந்தவன்கிட்ட வந்து 'நீ என்ன பாவம் செஞ்சே'ன்னு கேட்ட சிநேகிதக்காரங்களைக் கிழி கிழின்னு கிழிச்சேன். நானும் அவங்களோடதான் உக்காந்திருக்கேன்னு வாயைத் திறக்கலை."

துடுப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. பெர்சிதா புகையை ஊதித் தள்ளினார், கண்ணைப் புறங்கையால் துடைத்தார். அந்தக் கையில் தழும்பு இருந்தது.

"தோள் வலிக்குது" என்றார் கடைசியில். "வந்து பிடி. அடிப்பிடிச்சா உன்னைத்தான் கேப்பேன்."

அக்கா பண்டிகைக்குப் போட்டிருந்த வெள்ளை ரவிக்கையின் கையைச் சுருட்டிக்கொண்டு துடுப்பை வாங்கினார்.

நான் சபைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். பாஸ்டர் ரொட்டியைப் பார்த்தார். "அப்போ நாம காத்திருப்போம்" என்றார். பாட்டுப் பாடினோம், ஜெபித்தோம். மணி ஒன்றானது. மூப்பர் ஒருவர், "பாஸ்டர், சர்மாலே ஆறிடும்" என்று முணுமுணுத்தார். "ஆறட்டும் பிரதர், சூடு பண்ணிக்கலாம்." சர்மாலே என்னும் முட்டைக்கோஸ் இலைச் சுருளை ரொட்டி இல்லாமல் தின்பது எங்கள் பக்கத்தில் ஒரு தண்டனை. அன்றைக்கு நூற்றிருபது பேர் அந்தத் தண்டனையை அனுபவித்தோம். பெரிய ரொட்டி மேசையில் இருக்க, வீட்டிலிருந்து வேறு ரொட்டி எடுத்துவர யாருக்கும் மனம் வரவில்லை.

நாலு மணிக்கு அக்காவை அழைத்துவரப் போனேன். அக்காவும் தங்கையும் மாறி மாறிக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். பெர்சிதா என்னைப் பார்த்ததும் சொன்னார்: "இவ அன்னிக்கு நாற்பது பேர் முன்னால சொன்னா. இப்ப அண்டா முன்னால வந்து தப்புன்னு சொன்னா எப்படித் தம்பி சரியாகும்?"

"சரியாகாது" என்றார் சவேத்தா அக்கா. "அவ சொல்றது நியாயம்."

ஐந்து மணிக்கு மறுபடி எல்லோரும் கூடினோம். பெர்சிதா வரவில்லை, துடுப்போடு நின்றுவிட்டார். அக்கா மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ரவிக்கை முழுக்கக் கருநீலக் கறை, தலையில் புகை நாற்றம். வசனம் எதுவும் சொல்லவில்லை. "ஒன்பது வருஷத்துக்கு முன்னால இந்தச் சபை முற்றத்துல என் தங்கச்சியைப் பத்தி நான் சொன்னது பொய். அவ கை வெந்து நின்னப்போ நான் போய் அந்தக் கையைப் பிடிச்சிருக்கணும். பிடிக்கலை. நீங்க யாராவது என் பேச்சை நம்பியிருந்தா, இப்ப நம்பாதீங்க." அவ்வளவுதான். தலை குனியவில்லை.

நானாக எழுந்தேனா, கால் எழுப்பியதா, தெரியாது. "அன்னிக்கு நான் பக்கத்துல நின்னேன். நீங்க சொன்னதுக்குத் தலையாட்டினேன்" என்றேன். அதற்குப் பிறகு அந்த மூப்பரின் மனைவி எழுந்தார். பிறகு தபால்காரர். ஏழு பேர் எழுந்தோம். மற்றவர்கள் உட்கார்ந்தே அழுதார்கள். பாஸ்டர் ரொட்டியை வெட்டினார்.

வசனம் தெரிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வசனம் காதில் விழுந்த அந்த நிமிடமே, தேய்ந்த முழங்காலோடு எழுந்து நடந்தவரை என் ஆயுசில் ஒருவரைத்தான் பார்த்தேன்.

மறுநாள் பெர்சிதாவிடம் சொல்லப் போனேன். அவர் ஜாடிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து பதினொரு பேர் வந்து சொல்லிட்டாங்க. நீ பன்னிரண்டாவது. அப்போஸ்தலர் கணக்கு சரியாயிடுச்சு."

"அப்போ வர்ற ஞாயிறு வருவீங்களாக்கா?"

"அவசரப்படுத்தாதே. ஒன்பது வருஷத்துக் காயம், ஒரு சாயங்காலத்துல ஆறிடுமா?"

அவர் வரவில்லை. சவேத்தா அக்காவும் கூப்பிடவில்லை. ஞாயிறு தோறும் கூட்டம் முடிந்ததும் பாலத்தைக் கடந்து போய்த் தங்கையோடு சாப்பிட்டுவிட்டு வந்தார், பனியிலும்கூட.

பிப்ரவரியில் அக்காவுக்கு ஒராதியா நகர ஆஸ்பத்திரியில் முழங்கால் அறுவை சிகிச்சை. நான் பார்க்கப் போனபோது கட்டில் பக்கத்தில் பெர்சிதா உட்கார்ந்திருந்தார். எட்டு நாளாக வீட்டுக்கே போகவில்லையாம்.

"சூப்புல உப்பே இல்லை" என்றார் அக்கா.

"டாக்டர் போடக் கூடாதுன்னாரு. வாயை மூடிட்டுக் குடி."

"நீங்கள் பூமிக்கு உப்புன்னு வேதத்துல—"

"வேதத்துல முழங்காலைப் பத்தி என்ன சொல்லியிருக்கு? தளர்ந்த முழங்காலைப் பலப்படுத்துன்னு சொல்லியிருக்கு. எந்திரி, நாலு எட்டு நட" என்று பெர்சிதா கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இருவரும் வராந்தாவின் கோடிவரை நடந்தார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.