அறம் பாடிய கடிதம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உமாபதி முதலாளி தெருவில் இறங்கினால் ஒரு காலத்தில் நாய்கூடக் குரைக்க யோசிக்கும். நாற்பது தறி, சொந்தச் சாயப்பட்டறை, கோயில் தர்மகர்த்தா பதவி, முறுக்கிவிட்ட மீசை. அப்பேர்ப்பட்ட மனுஷன் இருபத்தாறு வருஷமாக ஒரு இன்லாண்டு லெட்டருக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தார். லெட்டர் கலைவாணியின் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. அதில் தன்மேல் அறம் பாடியிருக்கிறது என்று அவர் நம்பினார். அப்படி நம்ப வைத்தவள் கலைவாணிதான். நல்லா வேணும் அவருக்கு. நடந்ததைக் கேட்டால் நீங்களும் அதையேதான் சொல்வீர்கள்.

கலைவாணியின் அண்ணன் ஜெயக்குமார் உமாபதியிடம் தறி நெய்தவன். கை நாடா தள்ளிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அதை இருநூறு பக்க நோட்டில் எழுதி வைப்பான். நோட்டில் எண்பத்து நாலு பாட்டு இருந்தது. பாதி காதல், பாதி கிண்டல். அந்த வருஷப் பங்குனி உத்திரத்தில் உமாபதி பட்டு அங்கவஸ்திரம் புரள, சாமிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த நடையைப் பார்த்தான். பார்த்தவன் சும்மா இருந்தானா?

'முன்னால உமாபதி, பின்னால சாமி. கற்பூரத் தட்டே, நீ யாரைப் பார்க்க வந்தாய் காமி?'

இரண்டு வரிதான். டீக்கடையில் படித்தான். சாயங்காலத்துக்குள் தெருப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு உமாபதி வீட்டு வாசலில் பாண்டி ஆடின.

மறுநாள் சாயப்பட்டறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அண்டாவில் அரக்குச் சிவப்புச் சாயம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வேலையாட்கள் பதினோரு பேர் நின்றார்கள். பட்டு நூல் சிட்டம் வாங்கப் போயிருந்த கலைவாணியும் நின்றாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. உமாபதி காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஜெயக்குமாரின் கன்னத்தில் இரண்டு அடி அடித்தார். அவன் இடுப்பில் செருகியிருந்த நோட்டை உருவி அண்டாவில் போட்டார். இனிமேல் எழுதுடா பார்க்கலாம் என்றார். கலைவாணி கையை விட்டு எடுக்கப் பார்த்தாள். மணிக்கட்டு வரைக்கும் வெந்ததுதான் மிச்சம். நோட்டு ஒரு புரட்டுப் புரண்டு அடியில் போய்விட்டது. பதினோரு பேரில் ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் ஜெயக்குமார் அந்தத் தறியில் உட்காரவில்லை, பேனாவையும் தொடவில்லை. ஒரு மாசம் பேயறைந்த மாதிரி கிடந்தான். பிறகு வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். பட்டாளத்தில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கார்கிலில் சண்டை வந்தது. இருபத்து நாலு வயதில் தேசியக்கொடி போர்த்திய பெட்டியில் வீட்டுக்கு வந்தான்.

ஊர்வலத்தில் பெட்டிக்கு முன்னால் யார் நடந்தது என்று நினைக்கிறீர்கள்? உமாபதிதான். மைக்கைப் பிடித்து, நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்று வேறு அழுதார். கலைவாணிக்கு அழுகை அங்கேயே நின்றுபோயிற்று. வயிறு பற்றி எரிந்தது.

பெட்டி வந்து பன்னிரண்டாம் நாள் தபால்காரர் ஒரு இன்லாண்டு லெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். சாவதற்கு ஒரு வாரம் முன்னால் எழுதியது. தங்கைக்குத்தான் எழுதியிருந்தான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை, வெறும் பாட்டு. இரண்டு வருஷம் கழித்து அவன் கட்டிய முதல் பாட்டு, கடைசிப் பாட்டும் அதுதான்.

உமாபதி மாமாவுக்குச் சொல்லிவிடு,
அண்டாவில் வெந்த பாட்டுக்கெல்லாம்
எனக்கு வருத்தம் இல்லை.
மனசை அலசிக் காயப்போட்டுவிட்டேன்.

இங்கே கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை.
சாயம் காணாத பட்டைப்போல்
மலை விரிந்து கிடக்கிறது.
என் எழுத்தைக் குடித்த சிவப்பே,
இந்த வெள்ளைக்கு நீ ஒன்றுதான் குறை.
வா.

படித்து முடித்ததும் அவளுக்குச் செத்த அண்ணன்மேலேயே கோபம் வந்தது. மன்னிக்கிறானாம்! செருப்படி பட்டவன் வேண்டுமானால் மன்னிக்கலாம். பார்த்துக்கொண்டு நின்றவள் எப்படி மன்னிப்பாள்? அந்த நாலு வரியை அந்த ஆளிடம் போய்ச் சொன்னால், நிம்மதியாகச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அதற்கா அண்ணன் செத்தான்?

கருமாதியன்று பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்துகொண்டு, ஜெயக்குமார் கடிதம் போட்டிருக்கிறானாமே, என்னம்மா எழுதியிருக்கிறான் என்று உமாபதி கேட்டார். கலைவாணி யோசிக்கவே இல்லை. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உங்க மேல அறம் பாடியிருக்கான். இன்னும் வாய் விட்டுப் படிக்கல. படிச்சா பலிச்சிடும்."

பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது. காஞ்சிபுரத்துக்காரனுக்கு அறம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வயிறெரிந்த புலவன் ஒருத்தனைக் குறிவைத்துப் பாடினால், அந்தப் பாட்டு வாசிக்கப்படும்போது கேட்கிறவன் உயிர் போய்விடும். இந்த ஊரை ஆண்ட ராஜாவே அப்படித்தான் பாட்டைக் கேட்டுக்கொண்டு எரிந்து போனான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ராஜாவுக்கே அந்தக் கதி என்றால் தர்மகர்த்தா எம்மாத்திரம்!

அன்றைக்கு ஆரம்பித்தது அவருக்குக் கேடுகாலம். தறிக்கொட்டகைக் கூரை மழையில் சரிந்தது. உடனே ஆள் வந்து, கலைவாணி லெட்டரைப் படித்தாளா என்று அவள் மாமியாரிடம் விசாரித்துவிட்டுப் போனான். மகன் பைக்கில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான், மறுபடியும் ஆள் வந்தான். சர்க்கரை வந்தது, நெஞ்சுவலி வந்தது. திருமுக்கூடலுக்குப் போய் மூன்று ஆறு சேர்கிற இடத்தில் முழுக்குப் போட்டார், பிரதோஷம் தவறாமல் விளக்கு ஏற்றினார். கலைவாணி எதிரே வந்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். அவளோ வேண்டுமென்றே அவர் வீட்டுப் பக்கமாகவே கடைக்குப் போவாள். வழியில் உதடு சும்மா முணுமுணுக்கும். எல்லாம் எண்ணெய், புளி, பெருங்காயம்தான். அவர் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்ட அன்றைக்கு அவளுக்கு இரண்டு வாய் சோறு கூடவே இறங்கும்.

இப்படியே போயிருக்கும், பாண்டியன் வராமல் இருந்திருந்தால். பக்கத்துத் தாமல் ஊர்க்காரர். ஜெயக்குமாரோடு ஒரே கம்பெனியில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். முன்னாள் ராணுவத்தார் சங்கத்தில் சொல்லி, தெருமுனையில் ஜெயக்குமாருக்குச் சிலை வைக்க ஏற்பாடு செய்திருந்தார். பீடத்துக் கல்லில் கவிஞர் என்று வெட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. சங்கத்தில் மற்றவர்கள், பாட்டே இல்லாமல் கவிஞர் என்று எப்படிப் போடுவது என்று கேட்டுவிட்டார்களாம்.

"அவன் அத எழுதறப்ப நான் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தேன் தங்கச்சி, எனக்குக்கூட காட்டல. அந்த ஒரு பாட்ட குடும்மா. இல்லன்னா கல்லுல வெறும் நம்பரும் ரேங்க்கும்தான் இருக்கும்."

கலைவாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்பத்து நாலு பாட்டையும் உமாபதி அழித்தார், சரி. மிச்சமிருந்த ஒன்றை இருபத்தாறு வருஷமாகப் புடவைக்கு அடியில் அமுக்கி வைத்தது யார்? பாட்டைக் கொடுத்தால் அண்ணன் கவிஞனாக நிற்பான், ஆனால் அந்த ஆள் தப்பித்துவிடுவார். கொடுக்காவிட்டால் அந்த ஆள் மாட்டிக்கொண்டே இருப்பார், ஆனால் அண்ணன் வெறும் நம்பராகிவிடுவான். இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் நாலு நாள் தறியில் இழை இழையாக அறுத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் உமாபதியே வந்தார். எழுபத்து நாலு வயது, மீசையெல்லாம் கொட்டிப்போய், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு. சிலைச் சங்கதி அவருக்கும் எட்டியிருந்தது. உட்காரச் சொல்லி அவள் சொல்லவில்லை. நின்றபடியே பேசினார்.

"ரெண்டு வாட்டி நெஞ்ச அறுத்துட்டாங்க கலை. இத மனசுல வெச்சிக்கினு சாவவும் முடியல. படிச்சிடும்மா. என்ன இருந்தாலும் கேட்டுக்கறேன்."

"நோட்ட என்ன பண்ணீங்கன்னு ஊரு முன்னாடி சொல்லுங்க. அப்புறம் படிக்கறேன்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அப்போது கலைவாணி நிஜமாகவே மொத்தத்தையும் படிப்பதாகத்தான் இருந்தாள். அவர் வாயாலேயே அசிங்கப்பட்ட பிறகு மன்னிப்பு என்ன, எதை வேண்டுமானாலும் கொடுத்துத் தொலைக்கலாம் என்று நினைத்தாள்.

ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிலை திறந்தார்கள். தெரு அடைத்துக் கூட்டம். உமாபதி மைக்கைப் பிடித்தார். சும்மா சொல்லக் கூடாது, ஒன்றையும் மறைக்கவில்லை. செருப்பைச் சொன்னார், அண்டாவைச் சொன்னார், வெந்த கையைச் சொன்னார். நான்தான் அவனைப் பட்டாளத்துக்குத் துரத்தினேன் என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். கூட்டம் முதலில் திகைத்தது. பிறகு என்ன நடந்தது தெரியுமா? உருகிவிட்டது! பாவம் பெரியவர், இந்த வயசில் ஊர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்ள எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும் என்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தர் ஓடிப்போய்க் கோலி சோடா வாங்கி வந்தார். நாலு பேர் தாங்கிப் பிடித்து முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். இன்றைக்கும் அவர்தான் சாமிக்கு முன்னால். ஜெயக்குமார் துணி மூடின சிலையாகப் பின்னால் நின்றான்.

கலைவாணிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. இதற்குமேல் அந்த நாலு வரியையும் படித்தால் இந்த ஆளுக்குத்தான் சிலை வைப்பார்கள். மேடை ஏறினாள். லெட்டரைப் பிரித்தாள். மேல் மடிப்பை மட்டும் பிரிக்காமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை என்ற வரியிலிருந்து படித்தாள்.

'என் எழுத்தைக் குடித்த சிவப்பே' என்ற இடத்தில் கூட்டம் மொத்தமும் உமாபதியைத் திரும்பிப் பார்த்தது. கண்ணைத் துடைத்த முந்தானைகள் கீழே இறங்கின. 'வா' என்று கடைசி வார்த்தையை அவள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். தாங்கிப் பிடித்த கைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. சோடா அவர் மடியில் கொட்டியது, அவருக்குத் தெரியவில்லை.

பாண்டியன் தேம்பிக்கொண்டே சிலையைத் திறந்தார். கல்லில் கவிஞர் என்றே வெட்டலாம், பாட்டையும் கீழே வெட்டிவிடலாம் என்று சங்கத்தார் ஒரே குரலில் சொன்னார்கள். கூட்டம் கலையும்போது உமாபதி தட்டுத் தடுமாறி மேடைப் படியருகே வந்தார். அந்தக் காலத்தில் முழம் போட்டுப் பட்டு வாங்கின கண், மடிப்பைக் கவனித்திருந்தது.

"மேல ஏதோ இருந்துதே கலை. நீ படிக்கல."

"நாலு வரி. உங்க பேரு போட்டு எழுதியிருக்கான்."

"என்ன எழுதியிருக்கான்? நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லிடும்மா."

கலைவாணி மடிப்போடு லெட்டரைக் கிழித்தாள். கீழ்ப்பாதியைக் கல்வெட்டுக்கு என்று பாண்டியன் கையில் கொடுத்தாள். மேல்துண்டைச் சுருட்டி, வெற்றிலை போடுவது போல வாயில் போட்டாள். பழைய மை கசந்தது. அண்ணன் எழுத்தைத்தான் தின்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. உலகத்தில் அவனுக்கென்று மிச்சமிருந்த பத்து வரியில் நாலு வரி. கண்ணில் நீர் கட்டிற்று. ஆனாலும் நிதானமாக மென்றாள். உமாபதி அவள் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு எழுத்தாவது வெளியே விழாதா என்று. அவள் விழுங்கி முடித்தாள்.

"இன்னும் கொஞ்ச நாளுதான மாமா," என்றாள். அவரை மாமா என்று அவள் கூப்பிட்டு இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. "போயி அவனையே கேட்டுக்குங்க."