சிவப்புச் சீட்டு ஒட்டிய குழாய்

நிறுவன நாளன்று காலை ஏழு மணிக்கு, ஓசூர் தொழிற்சாலை வாசலிலிருந்து மேடைவரை தாத்தா காலத்துக் காரில் முதலாளி ஊர்வலமாக வரவேண்டும். வண்டி நடுவழியில் நிற்காமல் ஓடிவிட்டால், பதினொரு வருடமாகக் கான்ட்ராக்டிலேயே கிடக்கும் மெக்கானிக் இன்னாசிமுத்துவுக்கு நிரந்தர வேலை. முதலாளியே வாய்விட்டுச் சொன்னது. அன்றே மனைவி மேரிராணி அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

நடுவில் வந்து சேர்ந்தார் ஜெகதீஷ். வேண்டாத பொருளுக்கு ‘தேவையில்லை, வெளியேற்றவும்’ என்ற சிவப்புச் சீட்டு ஒட்டி வெளியேற்றுவது அவர் உத்தியோகம். காவலாளி வெள்ளைச்சாமியின் சோற்றுத் தூக்குக்கே ஒட்டிய மனிதர். கார் எஞ்சினில் துருப்பிடித்த ஒரு குழாய் அவர் கண்ணை உறுத்தியது.

“இது எதுக்குண்ணா?”

“பொகையோட போற சூட்டைப் பெட்ரோல் வர்ற வழிக்குக் கொண்டாறது சார். அந்தக் காலத்து கார்பரேட்டர் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாத்தான் உடும். சூடு பட்டு ஆவியானாத்தான் ஒழுங்கா எரியும்.”

“சூடான காத்து போனா பவர் கொறையும். நான் படிச்சிருக்கேன்.”

படித்தவரோடு என்ன வாதம்? குழாய் சீட்டோடு பழைய இரும்புக் குவியலுக்குப் போனது. சாயங்காலம் இன்னாசிமுத்து அதைப் பொறுக்கிவந்து தன் டூல் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார்.

ஒத்திகையன்று மார்கழிக் குளிர். வண்டி இருமியது, கறுப்பாகக் கக்கியது, பத்தடியில் படுத்துக்கொண்டது. ஜெகதீஷ் முகத்தில் ஈயாடவில்லை.

“எப்படியாச்சும் ஓட வெச்சிருங்கண்ணா.”

இன்னாசிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்தது, பாவமாகவும் இருந்தது. சீட்டைப் பிய்த்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, குழாயை மறுபடி மாட்டினார். நிறுவன நாளன்று வண்டி சூடேறியதும் தேர் மாதிரி அசைந்து போனது.

ஜெகதீஷ் சும்மா இருப்பாரா? ‘முன்பு’ என்று குழாய் இல்லாத படம், ‘பின்பு’ என்று குழாய் உள்ள படம், ‘யோசனை: ஜெகதீஷ்’ என்று ஒரு முன்னேற்ற அறிக்கை எழுதிக் கேடயம் வாங்கினார். இன்னாசிமுத்துவும் கை தட்டினார். வேலை கிடைத்தால் போதும், பேர் யாருக்குப் போனால் என்ன?

மறுவாரம் ஆபீஸில் கூப்பிட்டார்கள். ஆள் எடுக்கும் பிரிவு ஃபெபா மேடம் இன்னாசிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் அந்த அறிக்கையை நீட்டினாள். கடைசிக் கட்டத்தில், ‘பயன்: வண்டிக்கு இனித் தனி ஆள் தேவையில்லை. மிச்சம்: ஒருவர்.’ கீழே முதலாளியின் கையெழுத்து.

“அந்த ஒருத்தர் நீங்கதாண்ணா.”

டூல் பெட்டியைக் கட்டும்போது அடியில் அந்தச் சிவப்புச் சீட்டு கிடந்தது. எடுத்துச் சட்டைமேல் ஒட்டிக்கொண்டார்.

“கேட் பாஸ் இருக்குதாண்ணா?” என்றார் வெள்ளைச்சாமி.

இன்னாசிமுத்து நெஞ்சைக் காட்டினார். வெள்ளைச்சாமி வாசித்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.