மாதா பக்கத்துப் பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலை நோனி மோங்கனின் சக்கர வீடான கேரவனில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு தூசு கிடைக்காது. அயர்லாந்தில் பாலினஸ்லோ சாலையோரம் வரிசையாக நிற்கும், ஊர் ஊராகத் திரியும் எங்கள் ஜனங்களின் கேரவன்களில் அவளுடையதுதான் பளபளப்பு. பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, துணி துவைக்க ஒரு தொட்டி, கை கழுவ ஒரு தொட்டி என்று எங்கள் பெண்கள் எல்லோருமே வைத்திருக்கிறோம். ஒன்றின் தண்ணீர் இன்னொன்றில் பட்டால் அன்றைக்கு வீடே அமர்க்களப்படும். நோனி இன்னும் ஒரு படி மேலே போவாள். கடையிலிருந்து வரும் எதையும் கழுவாமல் உள்ளே விடமாட்டாள். பத்து பேர் கைபட்ட பொருள் என்பாள்.

மருந்துப் பாட்டில்களுக்கும் அதே கதிதான். வெந்நீரில் ஊறப்போட்டு, மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தைச் சுரண்டி எடுத்து, துடைத்து, கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட பீங்கான் தட்டுகளுக்கு நடுவே நிறுத்திவிடுவாள். அந்தக் காகிதத்தில் இருந்த எழுத்துகள் அவள் கண்ணுக்கு அழுக்குதான். சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்து, படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டு, மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அப்படிப் படித்துவிட்டு வந்தவளுக்கு எழுத்து எப்படித் தெரியும்?

இது அவள் கணவன் மைலிக்கும் தெரியும். ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. மருந்துக்கடை ஹான்லி பாட்டிலை நீட்டி, "மிசஸ் மோங்கன், எவ்வளவு குடுக்கணும்னு இதுலயே எழுதியிருக்கு, பாத்துக்கோங்க" என்பார். நோனி கைப்பையைத் துழாவுவதுபோல் துழாவி, "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன் சார். வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேன்" என்பாள். இத்தனை வருடமாக மறந்துவிட்டு வரும் அந்தக் கண்ணாடி உலகத்தில் எந்தக் கடையிலும் வாங்கப்படவில்லை.

அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. அலமாரியின் இரண்டு ஓரத்திலும் இரண்டு சுரூபங்கள், ஒன்று மாதா சிலை, இன்னொன்று அந்தோனியார் சிலை. மாதா பக்கத்தில் இருப்பது மூன்று வயது மகள் ரோசாலீனின் காய்ச்சல் மருந்து. அந்தோனியார் பக்கத்தில் இருப்பது மைலியின் வலி மருந்து. குதிரை உதைத்து அவன் தொடை எலும்பு முறிந்ததிலிருந்து அந்தப் பலமான மருந்தில்தான் அவன் பொழுது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் பழுப்பு நிறப் பாட்டில், உள்ளே இரண்டும் தண்ணீர் மாதிரி இருக்கும். மாதாவையும் அந்தோனியாரையும் நம்பி எந்தக் குழப்பமும் இல்லாமல் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

அன்று மதியம் பாதிரியார் வந்து கேரவனை மந்திரிப்பதாக ஏற்பாடு. உதவிக்கு மைலியின் அக்கா செலியா வந்திருந்தாள். அவளும் சுத்தத்தில் சளைத்தவள் இல்லை. நோனி வெளியே துணித் தொட்டியில் கையை விட்டிருந்த நேரத்தில், செலியா அலமாரியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்டி நோனி, மாதாவைக் கொண்டுபோய் குப்பைக்கூடை பக்கமா வச்சிருக்க? சாமியார் வந்து பாத்தா என்ன நினைப்பார்?"

"என்ன வேணா பண்ணு, தட்டை மட்டும் உடைச்சிராத" என்று நோனி வெளியிலிருந்தே சொன்னாள். தண்ணீர் சத்தத்தில் மாதா என்ற சொல்லே அவள் காதில் விழவில்லை. செலியா சுரூபங்களை மட்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றி வைத்தாள். பாட்டில்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

சற்று நேரத்தில் ரோசாலீன் காய்ச்சலில் அனத்தினாள். நோனி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, மாதாவின் காலடியில் இருந்த பாட்டிலை எடுத்து ஒரு ஸ்பூன் ஊற்றினாள். உடம்பு நெருப்பாகக் கொதித்ததால் இன்னொரு ஸ்பூனும் கொடுத்தாள். குழந்தை அழுகையை நிறுத்தி, அவள் தோளிலேயே தூங்கிப்போனது.

"பாத்தியா, மாதா கைவிடல" என்றாள் செலியாவிடம்.

பாதிரியார் வந்தார். கேரவனை மந்திரித்தார். ஹாம் சாண்ட்விச்சைச் சாப்பிட்டு, டீயைக் குடித்து, வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று புகழ்ந்துவிட்டுப் போனார். நோனிக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கார் வாசலைத் தாண்டியதும் மைலி காலைப் பிடித்துக்கொண்டு முனகினான். நோனி அந்தோனியார் பக்கத்துப் பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள்.

மைலி விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தான். "என்னடி இது, ஸ்ட்ராபெரி வாசம் அடிக்குது? பாப்பா மருந்தை எனக்கு ஊத்திட்டியா? எனக்குப் பல் முளைக்கப்போவுதுன்னு நெனச்சியா?"

செலியா சிரித்தாள். நோனியும் சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். மாதா கதவோரம், அந்தோனியார் இருந்த இடத்தில் நின்றிருந்தாள்.

"செலியா, மாதாவை நீ நகத்தினியா?"

"ஆமா, நான்தான் சொன்னேனே. ஏன்?"

நோனி படுக்கைக்கு ஓடினாள். ரோசாலீனின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு ஒன்று வந்தது, அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. கன்னத்தில் தட்டினாள், உலுக்கினாள், குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தாள். குழந்தையின் தலை துணிப்பொம்மையின் தலைபோல் சாய்ந்தது.

செலியாதான் வேனை ஓட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் நோனி குழந்தையோடு குதித்து ஓடினாள். இளம் டாக்டர் ஒருத்தி குழந்தையின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. டாக்டரின் முகம் மாறியது.

"என்ன மருந்து குடுத்தீங்க? பாட்டில் இருக்கா?"

நோனி கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலை நீட்டினாள். அது பளபளவென்று மின்னியது.

"லேபிள் எங்க?"

"கழுவிட்டேன்."

"கழுவிட்டீங்களா?" டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல என்ன இருக்குன்னு தெரியாம நான் எதைக் குடுக்கறது?"

"என் வீட்டுக்காரரோட வலி மருந்து. கால் உடைஞ்சதுக்குக் குடுத்தது. பேர் தெரியாது. கொழந்தையைக் காப்பாத்துங்கம்மா."

அது போதுமாக இருந்தது. அந்தக் கண்களும் மூச்சும் மீதியைச் சொல்லிவிட்டன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவு மூடியது. ஒரு நர்ஸ் வந்து நோனியிடம் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, "இதைப் படிச்சிட்டு கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

நோனியின் கை தானாகக் கைப்பைக்குள் போனது. வாய் தானாகச் சொன்னது. "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. பெற்ற பிள்ளை உள்ளே மூச்சுக்குப் போராடுகிறது, இவள் நாக்கு இன்னும் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஒரு எழுத்துகூடத் தெரியாது" என்றாள்.

நர்ஸ் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அந்தத் தாளை நிதானமாக வாசித்துக் காட்டினாள். அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நோனிக்கு ஒரு ஆயுளே ஆகியிருந்தது.

விஷமுறிவு மருந்து வேலை செய்தது. மாலையில் ரோசாலீன் கண்ணைத் திறந்து, ஜெல்லி வேண்டும் என்று அழுதாள். வேண்டுமென்றே கொடுத்தாயா என்று விசாரிக்க, குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு அம்மாள் கோப்போடு வந்து உட்கார்ந்தாள். எங்கள் ஜனங்களுக்கு எது நடந்தாலும் முதலில் வருவது அந்தக் கேள்விதான். நர்ஸ்தான் நடந்ததைச் சொல்லி அவளை அனுப்பிவைத்தாள்.

குழந்தை வீடு திரும்பியபின் நோனி ஹான்லி கடைக்குப் போனாள். செலியாவும் கூடப் போனாள். கடையில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஹான்லி புதுப் பாட்டிலை நீட்டினார்.

"எல்லாம் இதுலயே எழுதியிருக்கு மிசஸ் மோங்கன்."

நோனி பாட்டிலைத் திரும்ப மேஜைமேல் வைத்தாள். காது மடல் சிவந்துபோயிற்று. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "எங்கிட்ட கண்ணாடியே கிடையாது சார். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது. வாயால சொல்லுங்க. மேல கொழந்தை படம் ஒண்ணு வரைஞ்சு குடுங்க. நான் அதைக் கழுவ மாட்டேன்."

ஹான்லி பேனாவை எடுத்தார். அவர் வரைந்த குழந்தை உருளைக்கிழங்குக்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அப்போது செலியா முன்னால் வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே வெள்ளையும் மஞ்சளும் ரோஜா நிறமுமாக மாத்திரைகள் கலந்துகிடந்தன.

"அப்படின்னா இதையும் பாருங்க சார், எனக்கும் எழுத்து தெரியாது. அட்டையெல்லாம் அசிங்கமா இருந்துச்சு, பிரிச்சுக் கொட்டிட்டேன். தெனமும் ஒவ்வொரு நிறத்துலயும் ஒண்ணு முழுங்கறேன். சரிதானே?"

ஹான்லி ஒரு மஞ்சள் மாத்திரையை எடுத்துப் பார்த்தார். "இது வாரத்துக்கு ஒண்ணுதாம்மா போடணும். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. எப்பலேருந்து இப்படிச் சாப்பிடறீங்க?"

"நீங்க குடுத்ததுலேருந்துதான்."

ஹான்லி மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, செலியாவை நாற்காலியில் உட்காரவைத்தார். "இத்தனை வருஷமா ஏன் யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

நோனி பாட்டிலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள். "நாங்க சொல்ல வெக்கப்பட்டோம். நீங்க கேக்க வெக்கப்பட்டீங்க. படிக்கத் தெரியாதது குத்தமில்ல சார், அதை மறைச்சதுதான் என் பொண்ணு வாயில விஷமாப் போச்சு. இனிமே மருந்து குடுக்கறப்ப, எழுதியிருக்குன்னு சொல்லாதீங்க. புரிஞ்சுதான்னு கேளுங்க."