வளைவுக்கு அப்பாலிருந்து வந்த செய்தி

முன்னால் போகும் வேன் பிரேக் போட்டால், மூன்றாவதாக வரும் வேனிலுள்ள எச்சரிக்கைப் பெட்டி உடனே ஒலிக்க வேண்டும். மலைவளைவில் மட்டும், மலை மறைப்பதால், அந்த ரேடியோ செய்தி வந்துசேராமல் இன்ஜினியரை ஒரு மாதமாகப் பாடாய்ப் படுத்தியது. நடு வேன் அதை வாங்கிப் பின்னால் வரும் வேனுக்கு அனுப்பும்படி நேற்று மாற்றியிருந்தாள்.

இன்று மூன்றாவது வேனில் அவளும் ஏறிக்கொண்டாள். வளைவுக்கு முன்பே பெட்டி ஒலித்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். வேன் மெல்ல வளைவில் திரும்பியபோது, முன்னால் இரண்டு வேன்களும் நின்றிருந்தன.

"அண்ணே, பார்த்துட்டா அழுத்துனீங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம் எப்படிம்மா பார்க்கிறது? பெட்டி சொல்லுச்சு, கேட்டேன். வீட்டுக்காரி சொல்லிக்கூட இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்ல!"

அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். மேலும் பத்துமுறை ஓட்டினார்கள், ஒருமுறைகூடத் தவறவில்லை. அதற்கடுத்த முறை ஓட்டியது வெறும் ஆசைக்காக.